நாலு மில்லிவோல்ட்

வலது சக்கரம் முனகுகிறது.
சுற்றவில்லை, சும்மாவும் இல்லை.
விரலால் ஒரு தள்ளு கொடுத்தால்
அரை வட்டம் போய்
மனசு மாறியதுபோல் ஓய்கிறது.
இடது சக்கரம் ஒழுங்காக ஓடுவதால்
நண்டு டின்னில் நான் செய்த வண்டி
சமையலறைத் தரையில்
தன்னையே சுற்றிச் சுற்றி வருகிறது.

நவம்பர் மாதம், புந்தா அரேனாஸ்.
இரவு பத்தரைக்கும் வானம் முழுசாக அணையவில்லை.
நீரிணையிலிருந்து வரும் காற்று
தகரக் கூரையின் ஓர் ஓரத்தைத்
தூக்கிப் பார்த்து
வைத்துவிட்டுப் போகிறது.

முதலில் யெர்கோவைத் திட்டினேன்.
புரோகிராம் எழுதியவன் அவன்.
இழுவைப் படகில் போய் மூன்று வாரம்.
சிக்னல் கிடைத்த ஒரு நிமிடத்தில்
"பதினேழாம் வரியைப் பார்த்தாயா?" என்றான்.
பார்த்தேன். அதில் குற்றமில்லை.
அதைச் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

பிறகு பேட்டரி. நான்கு புதுசு வாங்கினேன்.
பிறகு மோட்டார்.
இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினேன்.
முனகல் மோட்டாரோடு இடம்பெயரவில்லை,
வலப்பக்கத்திலேயே குடியிருந்தது.
பிறகு டிரான்சிஸ்டர்.
தொட்டேன், சுட்டது.
செத்துவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லி
சாலிடரை உறிஞ்சி, பிடுங்கி, குப்பையில் போட்டு
அதே பொட்டலத்திலிருந்து இன்னொன்றை நட்டேன்.
அதே முனகல். அதே சூடு.

பொட்டலமே போலி என்று
பாமொண்தே அம்மாளின் கடைக்குப் போய்
நான்கு பேர் முன்னால் சொன்னேன்.
அவர் ஒரு வார்த்தை பேசாமல்
பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், சில்லறையாக.
வெளியே தெருமூலையில்
காற்றுக்காகக் கட்டியிருந்த கயிற்றைப்
பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

முழுசாகக் கெட்டிருந்தால்
முதல் நாளே அகப்பட்டிருக்கும்.
அரைகுறையாக வேலை செய்வதுதான்
ஆளை அலையவிடுகிறது.

நண்டு ஆலையில் எனக்கு எடைமேடையில் வேலை.
பதினோரு வருடமாகக்
கடைசி இலக்கத்தையே பார்த்துப் பழகிய கண்.
பெட்டிக்கு மூன்று கிராம் குறைந்தால்
பிடரியில் அரிக்கும்.
இன்று இடதையும் வலதையும் கழற்றி
மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினேன்,
தட்டை முகம் மேலே பார்க்க.
நடுக்கால் அடிவாய்.
மல்டிமீட்டரின் சிவப்பு முனை அதில்.
கறுப்பு முதலில் இடக்காலில்,
பிறகு வலக்காலில்.

பழையது:
அறுநூற்று எழுபத்தாறு, அறுநூற்று எழுபத்திரண்டு.
புதியது:
அறுநூற்று எழுபத்திரண்டு, அறுநூற்று எழுபத்தாறு.

பிடரி அரித்தது.
நாலே நாலு மில்லிவோல்ட்.
கூடுதலாகக் காட்டும் கால்தான் உமிழ்ப்பான்.
பழையதில் அது இடப்பக்கம்.
புதியதில் வலப்பக்கம்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
எண் அதேதான். எண்ணுக்கு முன்னால்
ஓர் எழுத்து மட்டும் கூடுதல்.
வேறு கம்பெனி, வேறு கால் வரிசை.
ஏற்க வேண்டிய கால் உமிழ்ந்துகொண்டும்
உமிழ வேண்டிய கால் ஏற்றுக்கொண்டும்
பாவம், இரண்டு வாரமாகத்
தலைகீழாய் நின்று
தன்னால் ஆனதைச் செய்திருக்கிறது.
குப்பை வண்டி ஏறிப்போன முதலாவதும்
அப்படித்தான் செய்திருக்கும்.

வைத்தியம் சின்னது.
அரை வட்டம் திருப்பி,
முகம் அந்தப் பக்கம் பார்க்க நட்டேன்.
எங்கள் வீட்டில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால்
சமையல்கூட நின்றுபோகும்.
இது திருப்பிக்கொண்ட பிறகுதான் ஓடுகிறது.

ஓடியது. நேராக ஓடி
குளிர்பெட்டிக்கு அடியில் நுழைந்து
சுவரை இடித்துக்கொண்டே இருந்தது.
துடைப்பக் கட்டையால் துழாவி இழுத்தேன்.
தூசி, ஒரு பேனா மூடி, யெர்கோவின் சாவி,
இவற்றோடு வந்தது, சக்கரம் இன்னும் சுற்றியபடி.

பதினேழாம் வரி சரி என்று
யெர்கோவுக்கு எழுதி அனுப்பினேன்.
படகு எங்கே இருக்கிறதோ, ஒற்றை டிக்தான் விழுந்தது.
காலையில் கடை திறந்ததும்
பாமொண்தே அம்மாளிடம் போகவேண்டும்.
பணத்தைத் திருப்பித் தருவது சுலபம்.
அந்த நான்கு பேரை
எங்கே போய்த் தேடுவேன்?